கருவிளம்

ஒரு சொல்லுக்கு அறுபது சென்.
பாயான் பாருவில், நாலாவது மாடியில்,
பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்த அறைக்குள் நின்று
உச்சரிப்பு அகராதிக்குக் குரல் கொடுக்கிறேன்.
ஜெலட்டின் முடிந்தது. ஜெனரேட்டர் முடிந்தது.
அடுத்து
ஜெனெத்லியாக்.

பிறந்த நேரத்தை வைத்துப் பலன் சொல்பவர்;
அந்தக் கணிப்புக்கு உரியது.
அருகிய வழக்கு என்று ஓரத்தில் சிறு குறிப்பு.
இந்தத் தீவில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்,
சொல்தான் யாரிடமும் இல்லை.

முதல் முறை நான்கு அசையையும் சமமாகச் சொன்னேன்,
தட்டில் நான்கு இட்லி வைப்பதுபோல.
கண்ணாடிக்கு அப்பால் பூன் ஹுவாட் உதட்டைப் பிதுக்கினான்:
இரண்டாவதில் ஏறு, முன்னால் உள்ளதை விழுங்கு.
ஏறினேன், ஜெ-விலேயே ஏறிவிட்டேன்.
மூன்றாம் முறை கீழே ஒரு லோரி.
நான்காம் முறை பள்ளிவாசல் பாங்கு.
காத்திருந்தோம்.
அவன் கோப்பி ஓ பொட்டலத்தை உறிஞ்சினான்.

எனக்கு இது பழக்கமில்லை.
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
அளந்து கொடுத்தால் தமிழில் வேலை முடிந்தது.
ஓர் எழுத்து நிமிர்வதற்காக
பக்கத்து எழுத்து குனிவதில்லை.
குற்றியலுகரம் குறையும், உண்மைதான்;
அந்த அரை மாத்திரைக்கும் நாம் பெயர் வைத்திருக்கிறோம்.

பாங்கு முடியும்வரை விரல்விட்டு அலகிட்டேன்.
ஜெனெத், நிரை.
லியாக், நிரை.
நிரை நிரை கருவிளம்.
சிரித்துவிட்டேன். மைக் அதையும் பிடித்துக்கொண்டது.
வாய்பாட்டில் அது ஒரு மரத்தின் பெயர், வேறொன்றுமில்லை,
தெரியும்.
ஆனாலும் முன்னால் வந்து நின்றது கரு.

நான் பிறந்தது இரவு பதினொன்று நாற்பதுக்கு.
எண்பத்தொன்று, டிசம்பர் முப்பத்தொன்று.
பெரிய ஆஸ்பத்திரிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து
மிஸ்ஸி எழுதியது.
அன்றிரவு பதினொன்றரை அடித்ததும்
முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவிடும்படி
தீபகற்பம் முழுவதற்கும் உத்தரவு.
பிரசவ அறையில் நாற்காலி போட்டு ஏற
யாருக்குக் கை ஒழிந்திருக்கும்?
அம்மாவைக் கேட்டால்,
எனக்கு வலி வந்தது, மணி வரவில்லை என்பாள்.

ஆக, நாடு தாண்டிக் குதித்த அரை மணிக்குள்
விழுந்தவள் நான்.
குவீன் தெரு அம்பலவாணர் சிம்ம லக்னம் என்றார்,
அதிகாரம், ஆள் அடிமை, முன்கோபம்.
பட்டர்வொர்த்தில் ஒருவர் அரை மணியைக் கூட்டி
கன்னி என்றார்; கணக்குப் பிள்ளை வேலை, வயிற்றுக் கோளாறு.
மூன்றாமவரின் கணினி சிவப்பு எழுத்தில்
இப்படி ஒரு நேரமே கிடையாது என்றது.
பாவம், தட்சிணையைத் திருப்பித் தந்துவிட்டார்.
இரண்டு வரன் இதில் தட்டிப்போனது.
மூன்றாவது ஆள் ஜாதகமே கேட்கவில்லை;
வேறு காரணத்துக்காக, எட்டு வருஷம் கழித்து, போனார்.

ஐந்தாம் முறை.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.
பூன் ஹுவாட் கட்டைவிரலைத் தூக்கினான்.

வெளியே வந்து திரையைப் பார்த்தேன்.
அலைக்கோட்டில் னெத் ஒரு குன்று,
அதன் பின்னே இரண்டு மேடு.
முன்னே, ஜெ நிற்கவேண்டிய இடத்தில்
தட்டையாக ஒரு கோடு.
பெருக்கிக் காட்டு என்றேன்.
எதற்கு, சரியாகத்தானே இருக்கிறது என்றான்.
காட்டு.
பெருக்கினான். மறுபடியும் பெருக்கினான்.
இருந்தது.
வாய் திறந்து மூடிய அளவுக்கு,
மயிரிழை நடுக்கத்தோடு,
இருந்தது.

எவ்வளவு நேரம்?
மெய்யைத் தள்ளி உயிரை மட்டும் அளந்தான்.
நாற்பது மில்லி செகண்ட் என்றான்.

கையில் இருந்த தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு
உள்ளே போனேன்.
அடுத்த சொல் ஜெனெடிக்ஸ்.
எல்லாருக்கும் தெரிந்தது,
ஒரே முறையில் முடிந்தது.